வி8 என்ஜின் மறைந்துவிடுமா? பிக்கப் டிரக் வாங்க நினைக்கும் வாசகருக்கு

கேள்வி: ஹூஸ்டனுக்கு மேற்கே சிறிய பண்ணை ஒன்றை நடத்தி வருகிறேன். என்னிடம் இருப்பது 2014 மாடல் வி8, அதாவது எட்டு சிலிண்டர் என்ஜின் கொண்ட பிக்கப் டிரக். வார நாட்களில் அலுவலகத்துக்குப் போய்வருவதும், மாதத்தில் இரண்டு மூன்று முறை 6,500 பவுண்டு எடையுள்ள டிரெய்லரை இழுப்பதும் அதில்தான். இப்போது புதியது வாங்க வேண்டிய நிலை. எரிபொருள் சிக்கன விதிகளால் பெரிய என்ஜின்கள் சீக்கிரமே நின்றுவிடும், எனவே கிடைக்கும்போதே வி8 வாங்கிவிடுங்கள் என்கிறார் விற்பனையாளர். விதிகளைத் தளர்த்திவிட்டார்கள், இனி வி8க்கு ஆபத்தே இல்லை என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது? சிறிய டர்போ என்ஜினை நம்பி வாங்கலாமா?

பதில்: ஐயா, விற்பனையாளரின் பேச்சைக் கேட்டு அவசரப்பட வேண்டாம், நண்பரின் பேச்சைக் கேட்டுப் பழைய காலம் திரும்பிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். இன்னும் பத்து ஆண்டுகளுக்காவது வி8 பிக்கப் டிரக் அமெரிக்கச் சந்தையில் புதிதாகக் கிடைக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் டிரக் என்றாலே வி8 என்றிருந்த நிலை போய்விட்டது. கூடுதல் பணம் கொடுத்துக் கேட்டு வாங்கும் என்ஜினாகத்தான் அது இனி இருக்கும். என்ஜின் வடிவமைப்பில் பல ஆண்டுகள் உழைத்தவன் என்ற முறையில், எந்தக் கணக்கை வைத்து இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன். அந்தக் கணக்கு புரிந்தால் உங்கள் முடிவை நீங்களே எடுத்துவிடலாம்.

அமெரிக்க எரிபொருள் சிக்கன விதி எதுவும் எந்த என்ஜினையும் இதுவரை தடை செய்ததில்லை. 1973ஆம் ஆண்டின் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடைக்குப் பிறகு, 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் ஓராண்டில் விற்கும் வாகனங்களின் சராசரி மைலேஜ் ஒரு குறிப்பிட்ட அளவை எட்ட வேண்டும் என்று கூறியது. இதைத்தான் சுருக்கமாகக் ‘கஃபே’ விதி என்கிறார்கள். ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைப் பார்ப்பதுபோல, நிறுவனம் விற்ற அத்தனை வண்டிகளையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு இது; ஒரு வண்டி குறைவாக எடுத்தால் இன்னொன்று அதை ஈடுகட்ட வேண்டும். எனவே ஒரு வி8 டிரக்கை விற்பதற்கான உண்மையான விலை, அந்த டிரக்கின் விலைச்சீட்டில் மட்டும் இருக்கவில்லை. அதை ஈடுகட்ட அந்த நிறுவனம் விற்றாக வேண்டிய சிக்கனமான வண்டிகளிலும், இலக்கை மிஞ்சிய பிற நிறுவனங்களிடம் வாங்க வேண்டிய வரவுப் புள்ளிகளிலும், 2025 வரை இருந்த அபராதத்திலும் ஒளிந்திருந்தது.

அந்த அபராதத்தைச் சற்று அருகில் பார்ப்போம். நெடுங்காலம் அது, கேலனுக்கு இத்தனை மைல் என்ற இலக்கிலிருந்து குறையும் ஒவ்வொரு 0.1 மைலுக்கும் வண்டி ஒன்றுக்கு 5.50 டாலராக இருந்தது. ஒரு நிறுவனம் ஓராண்டில் 10 லட்சம் டிரக்குகளை விற்று, சராசரியில் ஒரே ஒரு மைல் குறைந்துபோனால், 5.5 கோடி டாலர் கட்ட வேண்டும். பின்னர் இந்தத் தொகை 14 டாலராகவும் அதற்கு மேலும் உயர்த்தப்பட்டபோது, அதே ஒரு மைல் குறைவுக்கு 14 கோடி டாலர் என்றாகிவிட்டது. ராம் டிரக்குகளைத் தயாரிக்கும் ஸ்டெல்லான்டிஸ் நிறுவனம் 2018, 2019 மாடல் ஆண்டுகளுக்காக 23.55 கோடி டாலர் அபராதம் கட்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் 2016, 2017 ஆண்டுகளுக்காக 12.82 கோடி டாலர் கட்டியது. கணக்குப்பிள்ளையின் மேசையில் இத்தகைய தொகை வந்து விழும்போதுதான், அடுத்த தலைமுறை டிரக்கில் எந்த என்ஜின் என்ற கேள்வியை நிர்வாகம் புதிதாகக் கேட்கத் தொடங்கும்.

விதி இறுகினால் என்ஜின் சிறுக்கும், தளர்ந்தால் பெருக்கும் என்பதற்கு வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. கார்களுக்கு 1985இல் கேலனுக்கு 27.5 மைல் என்று இலக்கு வைத்தவர்கள், பிக்கப், வேன், எஸ்யூவி ஆகியவற்றை ‘இலகு டிரக்’ என்று தனியே பிரித்து, அவற்றுக்கு மிகக் குறைந்த இலக்கையே வைத்தார்கள். 1996 முதல் 2004 வரை டிரக்குகளுக்கான இலக்கு 20.7 மைலிலேயே அசையாமல் நின்றது; அதை உயர்த்தக் கூடாது என்று நாடாளுமன்றமே நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களின் வழியாகக் கட்டுப்போட்டிருந்தது. டொயோட்டாவின் முதல் டண்ட்ரா 2000இல் 4.7 லிட்டர் வி8 உடனும், டாட்ஜ் ராம் 2003இல் ஹெமி என்ற 5.7 லிட்டர் வி8 உடனும், நிசானின் டைட்டன் 2004இல் 5.6 லிட்டர் வி8 உடனும் வந்தவை எல்லாம் அந்தக் காலத்துக் குழந்தைகள்தாம். உங்கள் பழைய டிரக்கும் அந்த வம்சத்தின் கடைசிக் கிளைகளில் ஒன்று.

2007ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. கார்களுக்கும் டிரக்குகளுக்கும் வண்டியின் தரையளவைப் பொறுத்து இலக்கு வைப்பது வழக்கமானது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான நீளத்தை, இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தால் பெருக்கினால் வருவதே தரையளவு. 145 அங்குல நீளமும் 68 அங்குல அகலமும் உள்ள ஒரு முழு அளவு டிரக்குக்கு அது ஏறத்தாழ 68 சதுர அடி. தரையளவு பெருகப் பெருக இலக்கு குறையும். பெரிய டிரக்கைப் பெரிதாகவே வைத்திருக்க இந்த ஏற்பாடு இடம் கொடுத்தது. சிறிய டிரக்குகளுக்கோ கடினமான இலக்கு வைத்து அவற்றை நசுக்கியது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. என் பார்வையில் அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. நீங்கள் 1990களில் பார்த்த சிறு பிக்கப்புகள் தெருவிலிருந்து மறைந்ததற்கு மக்களின் ரசனை மட்டும் காரணம் இல்லை.

டிரக்கின் உருவத்தைக் குறைக்காமல் மைலேஜை மட்டும் கூட்ட வேண்டும் என்றால் என்ஜினில்தான் கை வைக்க வேண்டும். இங்கேதான் டர்போ வந்தது. மணிக்கு 65 மைல் வேகத்தில் சமதளத்தில் சுமையின்றிச் செல்லும் முழு அளவு பிக்கப்புக்கு ஏறத்தாழ 35 குதிரைத்திறன் போதும். அதில் பொருத்தியிருப்பதோ 400 குதிரைத்திறன் தரவல்ல வி8. அந்தச் சின்ன வேலைக்கு எட்டு சிலிண்டர்களும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும். காற்று நுழையும் வழியிலுள்ள த்ராட்டில் தகடு பெரும்பாலும் மூடியே இருப்பதால், குறுகிய வழியில் மூச்சு வாங்கும் உழைப்பே எரிபொருளில் ஒரு பங்கைத் தின்றுவிடும். உராய்வு வேறு. என்ஜினைச் சிறிதாக்கிவிட்டு, தேவைப்படும் நேரத்தில் மட்டும் டர்போவால் காற்றை அழுத்தி ஊட்டினால் இந்த வீணடிப்பு குறைகிறது. ஃபோர்டு 2011 மாடல் எஃப்-150இல் 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6ஐ வைத்தபோது, அது 420 பவுண்டு-அடி முறுக்கு விசை கொடுத்தது. அதே டிரக்கின் 5 லிட்டர் வி8 கொடுத்தது 380. டிரக் வாங்குவோர் முதலில் தயங்கினார்கள், ஓட்டிப் பார்த்த பிறகு ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதை விளம்பரங்கள் உரக்கச் சொல்வதில்லை. பாரம் இழுக்கும்போது டர்போ முழு அழுத்தத்தில் இயங்குகிறது. உள்ளே வெப்பம் ஏறுகிறது. அதைத் தணிக்க, வழக்கமான கலவையைவிடக் கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்க வேண்டிய கட்டாயம் என்ஜினுக்கு வருகிறது. அந்த நேரத்தில் சிறிய என்ஜினுக்கும் பெரிய என்ஜினுக்கும் மைலேஜில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இருக்காது; சில சமயம் வி8 முந்திக்கொள்ளும். அரசின் ஆய்வகச் சோதனையில் டிரெய்லர் கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. விதி எதை அளக்கிறதோ, அதற்கேற்பத்தான் என்ஜின் வளரும். வாரத்தில் ஐந்து நாள் காலியாக ஓடும் டிரக்குக்கு இந்தச் சோதனை பொருத்தமானது. தினமும் பாரம் இழுப்பவருக்கு அது தவறான கண்ணாடி.

இந்த அழுத்தத்தில் டொயோட்டா 2022இல் டண்ட்ராவின் 5.7 லிட்டர் வி8ஐ நிறுத்தி, இரட்டை டர்போ வி6க்கு மாறியது. ராம் 1500 தன் 2025 மாடலில் ஹெமியை விலக்கி, ஹரிக்கேன் என்ற 3 லிட்டர் நேர்வரிசை ஆறு சிலிண்டர் என்ஜினைக் கொண்டுவந்தது. ஹெமியின் 395 குதிரைத்திறனுக்கு எதிரே இதன் சாதாரண வகையே 420 கொடுத்தது; உயர்வகை 540. தாளில் எல்லா வகையிலும் மேம்பட்ட என்ஜின்தான். இருந்தும் விற்பனைக் கூடத்தில் வாடிக்கையாளர்கள் வி8 எங்கே என்றுதான் கேட்டார்கள். 2025 ஜூனில் ராம் நிறுவனம் தன் முடிவு தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, 2026 மாடலில் ஹெமியை மீண்டும் கொண்டுவருவதாக அறிவித்தது. அப்போது சொன்ன கூடுதல் விலை 1,200 டாலர். திறன் குறைந்த என்ஜினுக்கு மக்கள் அதிகப் பணம் கொடுக்கிறார்கள் என்றால், அதில் ஒலியும் பழக்கமும் நம்பிக்கையும் கலந்திருக்கின்றன. அவற்றை அற்பமென்று நான் ஒதுக்க மாட்டேன்.

உங்கள் நண்பர் சொன்ன தளர்வு அதே ஆண்டில்தான் வந்தது. 2025 ஜூலை 4இல் கையெழுத்தான வரி, செலவினச் சட்டம் கஃபே அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. விதி ஏட்டில் இருக்கிறது, மீறினால் கட்ட வேண்டிய பணம் இல்லை. முந்தைய நிர்வாகம் 2024 ஜூனில் போட்ட விதிப்படி, 2031இல் கார்களும் இலகு டிரக்குகளும் சேர்ந்து சராசரியாகக் கேலனுக்கு ஏறத்தாழ 50.4 மைலை எட்டியிருக்க வேண்டும். 2025 டிசம்பரில் வெளியான புதிய முன்மொழிவு அதை ஏறத்தாழ 34.5 மைலாக இறக்கச் சொன்னது. (இவை ஆய்வகக் கணக்கின் எண்கள். ஷோரூமில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எண் இவற்றைவிட நாலில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாகவே இருக்கும். 50 மைல் தரும் டிரக்கை யாரும் கேட்கவில்லை.) ஜெனரல் மோட்டார்ஸ் 2025 மே மாதம், பஃபலோ நகருக்கு அருகிலுள்ள டோனவாண்டா ஆலையில் ஆறாம் தலைமுறை வி8க்காக 88.8 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. உற்பத்தி 2027இல் தொடங்கும் என்றது. புதிய என்ஜின் வரிசை ஒன்றுக்காக இத்தனை பணத்தைப் போடும் நிறுவனம் அதை ஐந்தாண்டில் மூடிவிட்டுப் போகாது. வி8 பத்தாண்டுகளாவது இருக்கும் என்று நான் துணிந்து சொல்வதற்கு அரசின் அறிவிப்பைவிட இந்த முதலீடே எனக்குப் பெரிய ஆதாரம்.

அப்படியானால் டர்போ என்ஜின்கள் ஏன் பின்வாங்கவில்லை? ஒரு என்ஜினை வரைந்து, சோதித்து, ஆலை அமைத்து, போட்ட முதலை எடுக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவில் ஆட்சி நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறலாம். 2012இல் இறுக்கினார்கள், 2020இல் தளர்த்தினார்கள், 2022இல் மீண்டும் இறுக்கினார்கள், 2025இல் மீண்டும் தளர்த்தத் தொடங்கினார்கள். அடுத்த திருப்பம் எப்போது என்று யாருக்கும் தெரியாத நிலையில், பொறுப்புள்ள எந்தத் தலைமைப் பொறியாளரும் இரண்டு கால்களையும் ஒரே படகில் வைக்க மாட்டார். வி8ஐயும் வைத்துக்கொள்வார்கள், சிறிய டர்போவையும், ஹைபிரிட்டையும் வளர்ப்பார்கள். இந்த ஊசலாட்டம் எனக்கு உண்மையில் வருத்தமளிக்கிறது. கடுமையான விதியோடு வாழலாம், தளர்ந்த விதியோடும் வாழலாம். நிலையற்ற விதியால் வீணாகும் உழைப்பையும் பணத்தையும் கடைசியில் டிரக்கின் விலையாக நீங்கள்தான் கட்டுகிறீர்கள்.

விதியே வேண்டாம் என்று கொண்டாடுவோருடனும் நான் உடன்படவில்லை. டிரக்குகளில்தான் சிக்கனத்துக்கு உண்மையான பலன் இருக்கிறது. ஆண்டுக்கு 12,000 மைல் ஓடும் வண்டி கேலனுக்கு 15 மைலிலிருந்து 18 மைலுக்கு உயர்ந்தால் 133 கேலன் மிச்சம். 30 மைல் தரும் கார் 36க்கு உயர்ந்தால் மிச்சம் 67 கேலன்தான். இரண்டும் இருபது சதவீத உயர்வே. பலனில் இரண்டு மடங்கு வேறுபாடு. எஃப்-150 அலுமினிய உடலுக்கு மாறி 700 பவுண்டு வரை எடை குறைந்ததும், பத்து கியர் கொண்ட தானியங்கிப் பெட்டி வந்ததும், தேவையில்லாதபோது சில சிலிண்டர்களை உறங்கவைக்கும் ஏற்பாடு பரவியதும் இந்த விதிகள் தந்த நெருக்குதலிலும்தான். இன்றைய வி8 உங்கள் 2014 வி8ஐவிட மேம்பட்டிருப்பதற்கும் அதுவே ஒரு காரணம்.

சிறிய டர்போவை நம்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். டர்போ, அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், கூடுதல் குழாய்கள் என்று உறுப்புகள் அதிகம்; வெப்பமும் அதிகம். எனவே எண்ணெய் மாற்றுவதில் அலட்சியம் காட்டினால் பழைய வி8 மன்னிக்கும், டர்போ மன்னிக்காது. ஆனால் இன்றைய வி8ம் பழைய எளிய என்ஜின் இல்லை. சிலிண்டர்களை உறங்கவைக்க, வால்வைத் தூக்கும் லிஃப்டருக்குள் ஒரு சிறு பூட்டு ஊசி வைத்திருக்கிறார்கள். எண்ணெய் அழுத்தம் அந்த ஊசியைத் தள்ளும்போது லிஃப்டர் தன்னுள்ளேயே சுருங்கி, வால்வு திறக்காமல் நின்றுவிடும். எண்ணெய் கெட்டுப்போனாலோ அடைத்துக்கொண்டாலோ அந்த ஊசி சிக்கும். லிஃப்டர் தேய்ந்து, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டையும் கெடுத்துவிடும். பணிமனைக்கு ‘டிக் டிக்’ என்ற சத்தத்தோடு வரும் வி8களில் பலவற்றின் கதை இதுதான். பெரிய அளவிலான குறைபாடுகளும் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. டொயோட்டா 2024இல் டர்போ வி6 பொருத்திய டண்ட்ரா, லெக்சஸ் வண்டிகளில் ஏறத்தாழ ஒரு லட்சத்தை, என்ஜினுக்குள் தங்கிய உலோகத் துகள்களின் காரணமாகத் திரும்ப அழைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2025 ஏப்ரலில் 6.2 லிட்டர் வி8 பொருத்திய ஏறத்தாழ ஆறு லட்சம் வண்டிகளைக் கிராங்க்ஷாஃப்ட், கனெக்டிங் ராட் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைத்தது. சிலிண்டர் எண்ணிக்கை ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. அந்த என்ஜின் எந்த ஆண்டில், எவ்வளவு கவனத்தோடு தயாரானது என்பதே தீர்மானிக்கிறது. ஆகவே எதுவாயினும் முதல் ஆண்டு உற்பத்தியைத் தவிருங்கள்.

இனி உங்கள் தேவை. மொத்த எடை 8,500 பவுண்டுக்கு மேற்பட்ட கனரகப் பிக்கப்புகளுக்குத் தனி விதி. அவற்றில் ஃபோர்டின் 7.3 லிட்டர், ஜெனரல் மோட்டார்ஸின் 6.6 லிட்டர் போன்ற பெரிய பெட்ரோல் வி8கள் பாதுகாப்பாகவே இருக்கின்றன. ஆனால் மாதம் இரண்டு மூன்று முறை 6,500 பவுண்டு இழுக்க உங்களுக்கு அது தேவையில்லை. எஃப்-150, ராம் 1500 போன்ற ‘அரை டன்’ எனப்படும் வகையே தாராளம். உங்கள் பகுதி சமதளம், கடல் மட்டத்துக்கு அருகிலுள்ளது. கொலராடோ மலைச்சாலையில் டர்போவுக்குக் கிடைக்கும் பெரிய அனுகூலம், அதாவது காற்று மெலிந்த உயரத்திலும் திறன் குறையாத தன்மை, உங்களுக்குப் பயன்படாது. எரிபொருளில் என்ன மிச்சம் என்று கேட்டால், வி8 19 மைலும் டர்போ 21 மைலும் தருவதாக வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டினால், மிச்சம் ஏறத்தாழ 75 கேலன். கேலன் 3 டாலர் என்றால் 225 டாலர். இது முடிவைத் தீர்மானிக்கும் தொகை இல்லை.

ஆகவே பத்தாண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளும் பழக்கமுள்ள உங்களுக்கு, டர்போ இல்லாத, நன்கு பழகிய 5 அல்லது 5.3 லிட்டர் வி8 ஒன்றையே நான் பரிந்துரைப்பேன். கடைசி வாய்ப்பு என்பதற்காக இல்லை. உங்கள் நிலத்துக்கும் பாரத்துக்கும் அது பொருந்துகிறது, அருகிலுள்ள எந்த மெக்கானிக்குக்கும் அது தெரியும் என்பதற்காக. நாளைக்கே நீங்கள் அதிகத் தொலைவு தினமும் காலியாக ஓட்ட நேர்ந்தால், என் பதில் டர்போ வி6 அல்லது ஹைபிரிட் பக்கம் சாயும். உதிரிப் பாகம் கிடைக்காது என்ற அச்சம் வேண்டாம். லட்சக்கணக்கில் ஓடும் என்ஜின்களுக்குப் பாகம் செய்வோர் பல பத்தாண்டுகள் இருப்பார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டைப் படியுங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கே அதில் எழுதியிருக்கும். உங்கள் டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 650 முதல் 975 பவுண்டு வரை, கொக்கியின் மேல் இறங்கும். அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை என்று அலங்காரம் ஏறிய வண்டிகளில் இந்த எண் சுருங்கிப் போயிருக்கும். குடும்பத்தினர் நால்வரும் உட்கார்ந்த பிறகு கொக்கிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கூட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் சொந்த டிரெய்லரையே மாட்டி ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க அனுமதிக்கும் விற்பனையாளரிடம் வாங்குங்கள்.